ஓட்டையை அடைத்தவன்

இந்த நாற்காலி இடுப்புக்கு ஆகாது, சார். உங்களைக் குறை சொல்லவில்லை. காலையிலிருந்து உட்கார்ந்ததில் கீழ்முதுகில் ஆணி இறங்குகிற மாதிரி இருக்கிறது, அதைத்தான் சொன்னேன். என் அப்பா கிடங்கில் நாற்பது வருடம் மூட்டை தூக்கினார். இடுப்பு வலி என்று ஒரு நாள் படுத்ததில்லை. உட்கார்ந்தே சம்பாதிக்கிற எனக்குத்தான் அந்த வலி வந்து சேர்ந்தது.

மூன்று வாரமாக என்னோடு வேலை செய்கிற டப்பாக்காவை உள்ளே வைத்திருக்கிறீர்கள். இப்போது பக்கத்து அறையில் இருக்கிறார். அவருக்கும் இதே நாற்காலிதான் போட்டிருப்பீர்கள். அவர் எதுவும் செய்யவில்லை. நான் சொல்வதைத் தட்டச்சு செய்து நான் கையெழுத்துப் போட்டுவிட்டால் அவர் வீட்டுக்குப் போகலாம் என்றீர்கள். நியாயம்தான். வரிசையாகச் சொல்கிறேன்.

எங்களுடையது ஆம்புலன்ஸ் அழைப்பு மையம். போனை எடுப்பவர் விலாசத்தைத் திரையில் அடிப்பார், அது வண்டி ஓட்டுநரின் போனில் போய் விழும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சர்வர் மென்பொருள் நிற்கிறது. அதைச் செய்த கம்பெனிக்காரர்கள் மாதம் ஒருமுறை பட்டியல் அனுப்புவார்கள். இங்கே ஓட்டை, அங்கே ஓட்டை, இந்த வழியாகத் திருடன் வரலாம், இந்தா அதை அடைக்கிற பேட்ச். விற்ற சரக்கில் இத்தனை பொத்தல் என்று மாதாமாதம் கூச்சமில்லாமல் சொல்கிறவர்களை வேறு எந்த வியாபாரத்திலும் நான் பார்த்ததில்லை.

பேட்ச் போடுவது என் வேலை. போட்டால் சர்வரை நிறுத்திவிட்டு மறுபடி கிளப்ப வேண்டும். பதினொரு நிமிடம். அதுவரை மாடியில் இருபது பேர் விலாசத்தைப் பேனாவால் தாளில் எழுதி, வண்டிக்காரரிடம் வாயால் சொல்ல வேண்டும். அவர்கள் எனக்கு வைத்திருந்த பெயரைத் தட்டச்சு செய்கிற அந்த அம்மா முன்னால் சொல்ல முடியாது. நான் படியேறினாலே, "வந்துட்டான்யா, கடையை இழுத்து மூட" என்பார்கள். அப்பா மூட்டையை இறக்கி வைத்தால் யாரும் அவரைத் திட்டியதில்லை. நான் வேலை செய்தால் திட்டு, செய்யாத மாதம் எல்லோருக்கும் சிரித்த முகம். எனக்கு இது புரியக் கொஞ்ச நாளாயிற்று.

புரிந்ததும் ஒரு மாதம் போடாமல் விட்டேன். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த மாதமும் விட்டேன். தணிக்கைத் தாளில் 'போட்டாயிற்று' என்ற கட்டத்தில் டிக் மட்டும் போட்டேன். வருடக் கடைசியில் மேலாளர் என்னை மேடையேற்றி, பன்னிரண்டு மாதம் நிற்காத சேவை என்று பாராட்டி ஒரு நாற்காலி பரிசு கொடுத்தார். சாய்ந்தால் கூடவே சாயும். இடுப்புக்கென்று தனி மெத்தை. டப்பாக்கா அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது உன்னைவிட அதிகமா சம்பளம் வாங்கும் போலிருக்கே" என்றார்.

அந்தப் பெயர் நாங்கள் வைத்தது. அவருக்கு எனக்கு எதிர் மேசை. நான் விடுப்பில் போனால் பார்த்துக்கொள்வதற்காக, சர்வருக்குள் நுழையும் உரிமை அவருக்கும் உண்டு. நாலடுக்கு டப்பா கொண்டுவருவார், அதில் இரண்டு அடுக்கு எனக்கு. என் மனைவி பிரசவத்துக்குப் போனபோது ஆரம்பித்த ஏற்பாடு. பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகும் அவர் நிறுத்தவில்லை.

பதினைந்து மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் மதியம், அக்கா என் எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் திரையில், அக்காவின் பெயரில் ஒருவர் சர்வருக்குள் மும்முரமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரையைப் பார்த்தேன். அக்காவைப் பார்த்தேன். அவர் கையெல்லாம் சோறு.

"என்ன தம்பி பேயடிச்ச மாதிரி பார்க்கிற? உப்பு இல்லையா?"

"சரியா இருக்குக்கா" என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. அவர் பெயரை யாரோ திருடிவிட்டார்கள் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அதற்கு முன்னால், வந்தவன் என்ன செய்கிறான் என்று பார்க்க நினைத்தேன். நான் அடைக்காமல் விட்ட ஓட்டை வழியாகத்தான் நுழைந்திருந்தான். நுழைந்ததும் அவன் செய்த முதல் காரியம், அந்த ஓட்டையை அடைத்தது. பின்னாலேயே இன்னொரு திருடன் வந்து பங்கு கேட்கக் கூடாது இல்லையா. அடைத்த விதமும் கச்சிதம். ஒரு பிரதியை ஓடவிட்டுக்கொண்டே இன்னொன்றைச் சரிசெய்து மாற்றியிருந்தான். சர்வர் ஒரு நொடி நிற்கவில்லை. எனக்குத் தெரியாத வித்தை அது.

அன்றே நிறுத்தி, எல்லாவற்றையும் துடைத்து, முதலிலிருந்து கட்டியிருக்க வேண்டும். முறை அதுதான். மாடியில் ஒரு நாள் முழுக்கப் பேனாவும் தாளும் என்று ஆகும். இத்தனை மாதம் நீ என்ன செய்தாய் என்ற கேள்வி வரும். நாற்காலியைத் திருப்பிக் கேட்பார்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டேன்.

அடுத்த பட்டியல் வந்தது. ஏழு ஓட்டை. சர்வருக்குள் அவன் கண்ணில் படுகிற இடத்தில் அதை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் ஏழும் அடைபட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு டிக். அதற்கடுத்த மாதம், அவசரமானதை நான் கீழே போட்டிருக்கிறேன் என்று அவனே வரிசையை மாற்றி மேலே ஏற்றியிருந்தான். தொழில் தெரிந்தவன், சார். பதின்மூன்று மாதம் இப்படி ஓடியது. வேலை அவனுடையது, சம்பளம் என்னுடையது, பதிவேட்டில் பெயர் அக்காவுடையது. யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.

பிறகு அவன் வந்த வேலையைப் பார்த்தான். எல்லாத் திரையையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்டான். ஒன்பது மணி நேரம். மாடியில் இருந்தவர்களுக்குப் பேனாவில் எழுதுகிற பழக்கமே விட்டுப்போயிருந்தது. அதில் என் பங்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். வண்டிகள், ஊரிலேயே இல்லாத தெருக்களைத் தேடிச் சுற்றின. செத்தது நான்கு பேர் என்று உங்கள் தாளில் இருக்கிறது. அதில் ஒருவர் மூட்டை தூக்குகிறவர், நெஞ்சு வலி. கூட வேலை செய்தவர்கள் தள்ளுவண்டியில் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். என் அப்பாவையும் கடைசியில் அப்படித்தான் கொண்டுபோனார்கள். அன்றைக்கு ஆம்புலன்ஸ் ஏது. அந்த ஆட்களுக்குப் பழக்கமில்லாத எதையும் நான் செய்துவிடவில்லை.

பதிவேட்டைப் பிரித்துப் பார்த்தால் எல்லா மாதமும் அக்கா பெயர். திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டவர் அவர்தான் என்று முடிவாயிற்று. அவரை அழைத்துப்போனபோது என் மேசைப் பக்கம் திரும்பி, "தம்பி, நீ சொல்லுடா. அந்த நேரமெல்லாம் உன் எதிர்லதானே உட்கார்ந்து சாப்பிட்டேன்" என்றார். நான் டப்பாவைக் கழுவி அவர் கையில் கொடுத்தேன்.

இப்போது மட்டும் ஏன் சொல்கிறாய் என்று கேட்டீர்கள். மனசாட்சி என்று எழுதிவிடாதீர்கள், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். போன வாரம் புதுப் பட்டியல் வந்தது. பழக்கத்தில் அதே இடத்தில் வைத்துவிட்டுப் போனேன். காலையில் ஒரு டிக்கூட இல்லை. மதியம் எதிர் மேசையும் காலி. மூன்று வாரமாகக் கடையில் சாப்பிடுகிறேன், வயிற்றுக்கு ஒத்துவரவில்லை.

தட்டச்சு முடிந்ததா? நான்கு பக்கம். படித்துப் பார்த்தேன், ஒரு வரி பொய் இல்லை. அந்த அம்மா கெட்டிக்காரி. கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு இடம் விட்டிருக்கிறீர்கள். போடுகிறேன், மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் இடுப்பு விட்டுப்போகிறது, இப்போது குனிந்து எழுத முடியாது. நாளைக் காலையில் முதல் வேலையாகப் போட்டுவிடுகிறேன். மூன்று வாரம் இருந்தவருக்கு இன்னும் ஒரு ராத்திரி பெரிதில்லை. அக்காவுக்கு நான் ஒரு கையெழுத்து பாக்கி, அவ்வளவுதான்.