கொச்சிக்கு மூன்று நாள் வேண்டும்

தலைமை இருக்கையில் சட்டை மடிப்புக் கலையாமல் அமர்ந்திருக்கும் உப்பளத் தொழிலாளர் சங்கத் தலைவர், உறவு முறையில் என் சித்தப்பா, ஐயா தனக்கோடி அவர்களே, அவர் கைக்கு எட்டும் தூரத்தில் காத்திருக்கும் பித்தளை மணியே, மேடையை நிறைத்திருக்கும் சங்கப் பெரியவர்களே, முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்து, இவள் என்ன பேசிவிடப் போகிறாள் என்று பார்க்கும் என் தாய்மார்களே, தேநீர்க் கடை ஓரம் நின்று கேட்டாலும் கேட்காதது போல் இருக்கும் அண்ணன்மார்களே, உங்கள் அனைவருக்கும் இலக்கியாவின் அன்பான வணக்கம்.

ஆண்டு விழாவில் உழைப்பின் பெருமையைப் பேசச் சொன்னார்கள். உழைப்பைப் பற்றி உங்களுக்கு நான் என்ன சொல்ல? வெண்மையில் விடிந்து, வெண்மையில் நடந்து, வெண்மையில் கண் கூசி வீடு திரும்புகிறவர்கள் நாம். ஆகவே இன்று உழைப்பைப் பேசப் போவதில்லை. உல்லாசத்தைப் பேசப் போகிறேன். சென்ற ஆண்டு செப்டம்பர் கடைசியில் நம் பெண்கள் பதினான்கு பேர் ரயில் ஏறிக் கொச்சிக்குப் போனோமே, அந்த மூன்று நாளைப் பேசப் போகிறேன்.

ஏன் பேசுகிறேன்? இன்னும் சற்று நேரத்தில் ஒரு தீர்மானம் வரப் போகிறது. இந்த ஆண்டு கொச்சி வேண்டாம், பெண்கள் காலையில் புதுச்சேரி போய் மாலையில் திரும்பினால் போதும் என்பது தீர்மானம். கொண்டு வருகிறவர் நம் தலைவர். அவர் கேட்கும் கேள்வி, "நாம பாக்காத கடலா அங்க இருக்குது?"

நல்ல கேள்வி. நாம் பார்த்த கடல் எது ஐயா? பாத்திக்குத் தண்ணீர் தரும் கடல். வேலை வாங்கும் கடல். அந்தக் கடலோடு நாம் என்றைக்காவது விளையாடியிருக்கிறோமா? கொச்சியில் விளையாடினோம். அங்கே கரையோரம் வீட்டுக் கூரை உயரத்துக்குச் சீன வலைகள் நிற்கின்றன. கயிற்றைப் பிடித்து இழுத்தால் வலை எழும்பும், விட்டால் தாழும். வலைக்காரர்கள் எங்களையும் இழுக்கச் சொன்னார்கள். இழுத்தோம். உப்பு வாரிய கைகள் அல்லவா, அவர்கள் ஐந்து பேர் இழுப்பதை நாங்கள் நான்கு பேர் இழுத்தோம். வந்தது விரல் நீளத்தில் ஒரே ஒரு மீன். அதற்கு எழுந்த ஆரவாரம் நம் தேர்த் திருவிழாவில்கூட எழுந்ததில்லை.

என்ன அண்ணே? சாப்பாடா? வருகிறேன், வருகிறேன். நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்துத் தருகிறார்கள், பழம்பொரி என்று. சகாயமேரி அக்கா எத்தனை சாப்பிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் இங்கேதான் இருக்கிறார். மறுநாள் கோட்டைப் பக்கத்துப் பழைய தேவாலயத்தில் அவர் வெகுநேரம் மண்டியிட்டிருந்ததை மட்டும் சொல்கிறேன்.

இன்னும் கேளுங்கள். தண்ணீரின் மேல் ஓடும் மெட்ரோப் படகில் ஏறி, தீவுக்குத் தீவு இறங்கி, எங்கே இறங்கினோம் என்று தெரியாமல் சிரித்தோம். மட்டாஞ்சேரியின் மிளகுக் கடைத் தெருவில் வரிசையாகத் தும்மினோம். ஒரு பெரிய கடையின் நகரும் படிக்கட்டில், பதினான்கு பேரும் கைகோத்து நின்று, மேலே போய், கீழே வந்து, மறுபடி மேலே போனோம். காவலாளி என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றோம். ஆண்டு முழுதும் வெள்ளையைப் பார்த்து எரிந்த கண்களுக்கு அங்கே திரும்பிய பக்கமெல்லாம் பச்சை. அந்தக் குளிர்ச்சியை எந்தச் சொட்டு மருந்து தரும்?

தலைவர் கை மணிப் பக்கம் போகிறது. சித்தப்பா, பொறுங்கள், இனிமேல்தான் உங்கள் கதை வருகிறது.

இரண்டாம் நாள் மதியம். படகுத்துறை அருகே ஓர் உணவு விடுதியில் இலை போட்டாயிற்று. சோறு வைத்தாயிற்று. முதல் கவளம் வாய்க்குப் போகவில்லை. மேலே தகரக் கூரையில் சடசடவென்று சத்தம். மழை.

உங்களுக்குத் தெரியும், எங்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று. பதினான்கு பேரும் எழுந்துவிட்டோம். சோற்றுக் கையோடு எழுந்துவிட்டோம். வாசலுக்கு ஓடி, நம் தலைவர் வீட்டம்மா வேலம்மாள் சித்தி தெருவில் நின்று இடமும் வலமும் பார்க்கிறார். எதைத் தேடுகிறார்? உப்புக் குவியல் கரையாமல் மூடத் தார்ப்பாயைத் தேடுகிறார். எங்கே? கொச்சியில். பரிமாறியவர் பயந்து போய்க் குழம்பில் ஏதும் விழுந்துவிட்டதா என்று கேட்கிறார். சிரியுங்கள் தாய்மார்களே, நீங்கள் அங்கே இருந்திருந்தால் நீங்களும் ஓடியிருப்பீர்கள்.

சித்திக்கு மனம் ஆறவில்லை. அறுவடையின் கடைசிக் குவியல் இங்கே திறந்து கிடக்கிறதே. என் போனை வாங்கித் தலைவருக்குப் போட்டார். காதில் சரியாக விழவில்லை என்று நான் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். ஆகவே எல்லோரும் கேட்டோம்.

"ஏங்க, மழ புடிச்சிக்கிச்சுங்க. குவியல மூடிட்டீங்களா? தார்ப்பாய் கொட்டாய் பின்னாடி இருக்குது."

"மழையா? இங்க வெயிலு மண்டையப் பொளக்குது. நீ எங்க இருக்கிற?"

"கொச்சியிலதான்."

"அப்புறம் என்னா? அந்த மழ நம்ம உப்பு மேலயா பெய்யுது? குவியல நான் பாத்துக்கிறேன். நீ போயி நல்லா நனைஞ்சிட்டு வா."

சித்தி போனை என்னிடம் கொடுத்தார். செருப்பைக் கழற்றினார். படகுத்துறையின் நடுவே போய், முகத்தை மேலே தூக்கி, கண்ணை மூடி நின்றார். கூப்பிட்டோம், வரவில்லை. பிறகு நாங்களும் போய் நின்றோம். நனைந்து நனைந்து விரல் சுருங்கும்வரை நின்றோம்.

திரும்பி வந்து தலை துவட்டும்போது சித்தி சொன்னார்: "மழ நல்லாத்தான்டி இருக்குது. முப்பது வருஷமா அதத் திட்டிக்கினே இருந்திருக்கேன்."

அவையோரே, முப்பது ஆண்டுகளாக ஒரு பெண் மழையைக் கண்டு அஞ்சியிருக்கிறாள். மேகக் கருக்கலைக் கண்டால் பதறியிருக்கிறாள். முதல் துளி விழுந்தால் ஓடியிருக்கிறாள். அவள் ஓடாமல் நின்ற ஒரே மழை அது. இரண்டாம் நாள் மதியத்தில் பெய்த மழை. ஒரு நாள் பயணம் போயிருந்தால் அது எங்களுக்கு ஏது? மாலைக்குள் வீடு திரும்பும் பயணத்தில் வழியெல்லாம் வீட்டு நினைப்பே ஓடும். முதல் நாள் உடம்பு போகிறது. மனம் போய்ச் சேர இரண்டாம் நாள் ஆகிறது. மூன்றாம் நாள்தான் நாங்கள் கொச்சியில் இருந்தோம்.

தலைவரே, நீங்கள் கடுமையான மனிதர் இல்லை. மூன்று நாளும் நீங்களே சமைத்து, நீங்களே சாப்பிட்டு, ரசத்தில் உப்பை மறந்தீர்கள் என்று தெருவே பேசியது. பின்னால் இருக்கும் அண்ணன்மார்கள் சிரிக்க வேண்டாம், உங்கள் வீட்டுச் சமையலும் எனக்குத் தெரியும். அந்தச் சிரமத்தால்தான் இந்தத் தீர்மானம் என்று நான் நினைக்கவில்லை. வேலம்மாள் சித்தி இல்லாத வீடு உங்களுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அதை வாய்விட்டுச் சொன்னால் நாங்கள் என்ன குறைத்தா நினைக்கப் போகிறோம்?

சித்தி இந்த ஆண்டு வரவில்லை என்கிறார். அவரை யாரும் பிடித்து நிறுத்தவில்லை, உங்களிடமிருந்து ஒரு சொல்லுக்குக் காத்திருக்கிறார். அந்தச் சொல் ஏற்கனவே உங்கள் வாயிலிருந்து வந்த சொல்தான். ஆகவே மணி அடிக்கும் முன் நானே முடித்துக்கொள்கிறேன்.

பொறுமையாகக் கேட்ட தாய்மார்களுக்கும், தேநீர் ஆறும்வரை நின்ற அண்ணன்மார்களுக்கும், இடையில் மணியடிக்காத தலைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. சித்தப்பா, அன்றைக்கு மழை நேரத்தில் என் போனில் பதினான்கு பேர் காதுபடச் சொன்னீர்களே, அதை இன்றைக்கு இந்த மைக்கில் ஒருமுறை சித்தியைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். இதோ, மைக்கை உங்கள் கையில் தருகிறேன். எல்லோருக்கும் வணக்கம்.