கர்தினாலின் சிவப்பு

தொண்ணூறுகளில் ஒரு பனிக்காலம். மோர்னிங்சைட் வீதிப் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு அம்மாமார் இருந்தார்கள். ஒருவரின் மகனுக்கும் மற்றவரின் மகளுக்கும் அடுத்த மாதம் சேர்ச்சில் கல்யாணம்.

“சேர்ச்சிலை பொம்பிளைக்கு வெள்ளைதான். சிவப்புக் கூறைச்சீலையோடை வந்தால் ஆக்கள் கதைப்பினம்,” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

பெண்ணின் அம்மா முகத்தைத் திருப்பி யன்னலால் பார்த்தார். பஸ் சிக்னலில் நின்றது. பனி மூடிய பற்றையில் நல்ல சிவப்பாக ஒரு குருவி இருந்தது.

“உது என்ன குருவி?”

“கார்டினல்.” கதை மாறியதில் மற்றவருக்குச் சந்தோஷம். “எங்கடை கர்தினால்மார் இருக்கினமெல்லோ, பாப்பரசருக்கு அடுத்த ஆக்கள். அவை போடுற சிவப்பு அங்கியைப் பாத்துத்தான் வெள்ளைக்காரர் உதுக்கு அந்தப் பேரை வைச்சவை.”

“அப்ப அவை சேர்ச்சுக்குள்ளையும் சிவப்போடைதான் நிக்கிறவையோ?”

“ஓம், சிவப்புத்தான்.”

“ஆக்கள் ஒண்டும் கதைக்கிறேல்லையோ?”

மாப்பிள்ளையின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் இரண்டு பஸ் தரிப்புகள் போய்விட்டன.

“சரி சம்மந்தி, பிள்ளை கூறையே உடுக்கட்டும். பாதரோடை நான் கதைக்கிறன்.”