மூக்கன் மலைக்கு வடக்கு வழி

— தேத்தண்ணிக் கோப்பையை வழி பாக்கிற மப்பில வைக்காதையும் மலர். வட்டமா அடையாளம் விழுந்தால், அங்க போய் ஏரி எண்டு நினைச்சுச் சுத்திப் போகப்போறம்.

— மூலை சுருளுது ரூபன். வேற என்ன பாரம் வைக்க, உம்மடை தலையையோ? சரி, மறுகா சொல்லும். மலையடிக் கபினில இருந்து எத்தினை மணிக்கு வெளிக்கிடுறம்?

— விடியப்புறம் மூண்டு. கிளேசியரைத் தாண்டேக்கை பனி இறுகிக் கிடக்கவேணும். வெயில் ஏறினால் இளகிப்போகும், முழங்கால் மட்டும் புதையும். விளங்குதோ?

— எனக்கு விளங்காட்டி ஆருக்கு விளங்கும்? பன்ரண்டு வருசமா உம்மோட ஒரே கயித்தில தொங்கிறன்.

— அதில அஞ்சு வருசம் டிவோஸ் எடுத்த பிறகு.

— கலியாணத்தைத்தானே விட்டனான். கயித்தை விடேல்லையே.

— அம்மா இண்டைக்கும் கேட்டவ. ‘ஸ்ரௌவ்வில்லில இருந்து மோர்னிங்சைட்டுக்கு இந்த ஸ்னோவுக்குள்ள என்னத்துக்குப் போறாய்’ எண்டு. மலரோட மலைக்குப் போக பிளான் போடப் போறன் எண்டன். ‘பிரிஞ்சு போனவளோட மலையோ? அவள் தள்ளிவிட்டால் என்ன செய்வாய்?’

— மாமிக்குச் சொல்லும், தள்ளுறதெண்டால் ஒரே வீட்டில இருந்த காலத்திலேயே தள்ளியிருப்பன் எண்டு. அவவுக்கு மீன்கட்லட் தந்துவிடுறன், மறக்காமல் கொண்டு போம். இப்ப வழியைக் காட்டும்.

— இந்தா, இதுதான் எங்கடை மூக்கன்.

— பாவம் மலை. கனடாக்காரன் நல்ல பேர் வைச்சிருக்க, நீர்தானே உம்மடை மாமாவின்ரை மூக்கு மாதிரிக் கிடக்குது எண்டு இந்தப் பேரை வைச்சனீர்.

— மாமாவின்ரை மூக்கு இதைவிடச் செங்குத்து. கேளும். மேற்குப் பக்கத்தால போவம். இஞ்ச உயரம் காட்டுற கோடுகள் எட்டி எட்டிக் கிடக்குது, பாத்தீரோ? நீளம்தான், ஆனால் நல்ல சரிவு. உச்சி மட்டும் நடந்தே போகலாம்.

— நடக்கிறதெண்டால் நான் ஸ்காபரோ ரவுன் சென்ரரில கடை பாக்கப் போறன். எனக்கு அந்தக் கத்தி முனை மாதிரி வடக்கு ரிட்ஜ்தான் வேணும்.

— வடக்கில கோடெல்லாம் ஒண்டுக்கு மேல ஒண்டாக் கிடக்குது மலர். ரெண்டு பக்கமும் பாதாளம். போனமுறை அதிலதானே...

— சொல்லும். போனமுறை?

— திரும்பினனாங்கள்.

— நாங்கள் திரும்பேல்லை ரூபன், நீர் திருப்பினனீர். காலமை பத்தரை மணி. உச்சி இந்தா கைக்கெட்டுற தூரத்தில. ‘மழை வரப்போகுது, இறங்கும்’ எண்டீர். வானத்தில ஒரு முகில் இல்லை. ஒன்பது மணித்தியாலம் ஒரு சொல்லுக் கதைக்காமல் இறங்கினம். கால்கரியில பிளேன் ஏறேக்கையும் கதைக்கேல்லை. மறுகா ரொறன்ரோவில எங்களுக்காக லோயர்மார்தான் கதைச்சவை.

— நீர் இதைச் சிரிச்சுக்கொண்டு சொல்லுறீர்.

— அஞ்சு வருசம் போயிட்டுது, சிரிக்காமல் என்ன செய்ய? சரி, சாமான்களைப் பாப்பம். கயிறு?

— புதுசு வாங்கிப்போட்டன். அறுபது மீற்றர்.

— ஏன், போனமுறை மூக்கனுக்குக் கொண்டுவந்த உம்மடை நீலக் கயிறு? இவ்வளவு காலமும் என்ரை கயித்திலதானே ஏறினனாங்கள்.

— எறிஞ்சிட்டன்.

— எப்ப?

— மூக்கனில இருந்து வந்த கிழமையே.

— அது வாங்கி ரெண்டு மாசம்கூட ஆகேல்லையே! குழந்தைப்பிள்ளை மாதிரித் துடைச்சுத் துடைச்சு வைச்சிருந்தனீர். ஏன் எறிஞ்சனீர்? ரூபன்? மப்பைப் பாக்காமல் என்னைப் பாத்துச் சொல்லும்.

— மலர்... அண்டைக்கு மழை வரப்போறேல்லை எண்டு எனக்கும் தெரியும்.

— மறுகா?

— கயித்தை மிதிச்சுப்போட்டன். சப்பாத்தில பூட்டின இரும்பு முள்ளோட. நீர் எனக்கு முன்னால, உச்சியைப் பாத்துக்கொண்டு நிண்டனீர். குனிஞ்சு பாத்தால் மேல்தோல் கிழிஞ்சு, உள்நூல் வெள்ளையா வெளியில நிக்குது. அந்தக் கயித்தை நம்பி உம்மை மேல விட எனக்குக் கை வரேல்லை.

— அதைச் சொல்லியிருக்கலாமே!

— எப்பிடிச் சொல்லுறது? அதுக்கு முதல் மாசம்தான் நீர் கயித்தில கால் வைச்சனீர் எண்டு ஏறிப் பழகிற இடத்தில இருபது பேருக்கு முன்னால உம்மைப் பேசினனான். ‘கயித்தை மதிக்காதவைக்கு மலையில என்ன வேலை’ எண்டு பெரிய பிரசங்கம். அப்பிடிப் பேசின வாயால எப்பிடிச் சொல்ல? வாயில மழை எண்டு வந்திட்டுது. கிழிஞ்ச இடத்தில முடிச்சுப் போட்டு, என்ரை பக்கத்தில வைச்சுக்கொண்டு இறங்கினன்.

— அந்த முடிச்சு! ஏன் எண்டு கேட்டனான். ‘புதுமுறை’ எண்டு சொன்னனீர்!

— வேற என்ன சொல்ல?

— ஐயோ கடவுளே. அஞ்சு வருசம் ரூபன், நான் என்ன நினைச்சுக்கொண்டு இருந்தனான் தெரியுமோ? இவளால ஏலாது, மேல போகமாட்டாள் எண்டு முடிவு கட்டிப்போட்டுத்தான் திருப்பினீர் எண்டு.

— உம்மையோ? நீர் நாப்பது நிமிசத்தில உச்சியில நிண்டிருப்பீர். நான்தான் பின்னால மூச்சு வாங்கிக்கொண்டு வந்தனான்.

— இதை இன்னொருக்காச் சொல்லும்.

— நாப்பது நிமிசம். சிலவேளை முப்பத்தஞ்சு. மலர், அழுகிறீரோ?

— சிரிக்கிறன். அழுகையும் வருது. பொறும், கண்ணைத் துடைக்க அந்த ரிசுப்பெட்டியைத் தாரும். கயித்தை மிதிச்சதுக்கு டிவோஸ் எடுத்த ஆக்கள் இந்த உலகத்தில நாங்கள் மட்டும்தான்.

— அது மட்டும் இல்லையே காரணம்.

— இல்லைத்தான். நீர் விட்ட குறட்டைக்கும் ஒரு பங்கு குடுக்கவேணும். நானும் உம்மைக் கேக்காமல் கதவைச் சாத்தினனான். ஒருக்கா உலுப்பிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பீரோ?

— அண்டைக்குச் சொல்லியிருக்கமாட்டன். அடுத்த நாள் சொல்லியிருப்பன்.

— சரி. மேற்குப் பக்கம் நீர் கீறின பென்சில் கோட்டை அழியும். ரப்பர் அதில கிடக்குது.

— அழிச்சிட்டன். வடக்கு ரிட்ஜ். ஓகஸ்ற் பதினாலு. ஆனால் இந்தமுறை போறதும் திரும்புறதும் நீர் சொல்லுறபடிதான், நான் பின்னுக்கு. கயித்தைக் கண்ணில ஒற்றிக்கொண்டு வாறன்.

— மெய்யாவோ? லிப்ற் திருத்திற பெரிய மெக்கானிக் எனக்குப் பின்னாலயோ? அப்ப எழுதும், நான் சொல்லுறன். ஆறு மணிக்கு ரிட்ஜில கால். ஒன்பதுக்கு அந்தக் கூர்ப்பாறை. அதை வலப்பக்கத்தால சுத்தக்கூடாது, கல்லெல்லாம் கழண்டு கையோட வரும். இடப்பக்கம் ஒரு வெடிப்பு இருக்குது, அதால ஏறினால் மேல ஒரு தட்டு. ரெண்டு பேர் வசதியா இருந்து சாப்பிடலாம், காத்தும் அடியாது. அதுக்குப் பிறகு அரை மணித்தியாலம்தான்.

— பொறும், பொறும். நாங்கள் போனமுறை கூர்ப்பாறைக்கு இஞ்சாலயே திரும்பிட்டம். வெடிப்பும் தட்டும் மப்பில இல்லை. உமக்கு எப்பிடித் தெரியும்?

— ரூபன்... எங்கடை கிளினிக்கில பேர்ணடெற் எண்டு ஒரு பல்லு டொக்டர் இருக்கிறா, தெரியும்தானே? போன ஓகஸ்ற்றில அவவோட போனனான்.

— எதுவரைக்கும்?

— உச்சி வரைக்கும்.

— மூக்கன்ரை உச்சிக்கோ? எனக்கு ஒரு சொல்லுச் சொல்லாமலோ? அப்ப எல்லாம் முடிஞ்சுதே மலர்! பிறகு ஏன் இந்தக் குளிருக்குள்ள என்னைக் கூப்பிட்டு, மப்பை விரிச்சு, இன்னொருக்கா ஏறப்போறீர்?

— மேல நிண்டு ‘பாரும் ரூபன்’ எண்டு கத்திக்கொண்டு திரும்பினன், பின்னால பேர்ணடெற் நிண்டவ.