மூன்றாவது குளம்

— வண்டிய அருவிக்குப் போற ஃபாரஸ்ட் கேட்டுகிட்ட விட்டுடறோம் சம்பந்தி. அதுக்கப்புறம் நடைதான். உங்க பொண்ணு, என் பையன், நீங்க, நான். ஞாயித்துக்கிழமை காலைல கிளம்பறோம்.

— தலைய ஆட்டாதீங்க. கண்ணாடி காது மேல சரியா உக்காருதான்னு பாக்கணும். இறுக்குதா?

— கண்ணாடி கிடக்கு, விடுங்க. அதுக்கா உங்க கடைக்கு வந்தேன்? அது ஒரு சாக்கு.

— தெரியும். இதுல ஒரு கோளாறும் இல்ல. அதாவது, நானே உங்களைப் பாத்து ஒண்ணு சொல்லணும்னு...

— இருங்க, நான் முடிச்சுடறேன். அங்க மொத்தம் மூணு குளம். முதல் குளம் முழங்கால் தண்ணிதான். அங்க நீங்க 'ஐயோ முட்டி'ன்னு உக்காந்துடணும். துணைக்கு நானும் உக்காந்துடுவேன்.

— எனக்கு நடிக்க வராதே.

— நடிப்பு எதுக்கு? உங்களுக்குத்தான் நிஜமாவே முட்டி வலியாச்சே! அதுங்க ரெண்டும் மட்டும் மேல போகும். ரெண்டாவது குளத்துல பாசி பிடிச்ச பாறை. ஒருத்தர் கைய ஒருத்தர் பிடிக்காம தாண்டவே முடியாது. மூணாவது குளம் அருவிக்கு அடியில. என்ன கத்தினாலும் காதுல விழாது. அப்புறம் எப்படி சண்டை போடுவாங்க?

— போட்டுட்டுதானே ஆறு மாசமா ஆளுக்கொரு வீட்டுல இருக்காங்க.

— அதெல்லாம் ஆறிடுச்சு. முந்தாநாள் அவன் மாடியில தனியா உக்காந்து போனைப் பாத்துட்டு இருந்தான். எட்டிப் பாத்தா அந்த அருவி படம்! கண்ணு வேற கலங்கியிருந்துச்சு. அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

— அதாவது சம்பந்தி, அந்தப் படம்...

— கேளுங்க. இத்தனை வருஷமா டிரைவிங் ஸ்கூல் நடத்தறேன். வண்டி எங்க போய் முட்டும்னு ஓட்டறவனுக்கு முன்னாடி எனக்குத் தெரியும். டக்குன்னு பிரேக்க மிதிச்சுடுவேன்.

— ஸ்கூல் வண்டில உங்க காலடியிலயும் ஒரு பிரேக் இருக்கு. எல்லா வண்டிலயும் இருக்காதுல்ல.

— ஏன் இப்படி வாயை வைக்கறீங்க? அவங்க சேரணும்னு உங்களுக்கு ஆசை இல்லியா?

— இல்லாமலா? எனக்கும் அவன்னா உசிரு. கடை ஷட்டர் மாட்டிக்கிட்டா இன்னிக்கும் அவனுக்குத்தான் போன் பண்றேன்.

— பின்ன? ஊருக்கே ஓட்டக் கத்துக்குடுத்த என்னைப் பின் சீட்டுல தள்ளி, 'மாமா, வாயத் திறக்கக்கூடாது'ன்னு ஓட்டினவ அவ ஒருத்திதான். அவ இல்லாம வீடு வீடாவே இல்ல சம்பந்தி. அவ திரும்பி வரணும். எனக்கு வேற எதுவும் வேணாம்.

— அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க.

— எதுக்கு?

— உக்காருங்களேன். அவங்க ரெண்டு பேரும் போன ஞாயித்துக்கிழமையே அங்க போயிட்டு வந்துட்டாங்க. அந்தப் படம் அப்ப எடுத்தது.

— சேர்ந்தா? அட! பழம் நழுவிப் பால்ல விழுந்த மாதிரி!

— பிரிஞ்சுடறதுன்னு பேசி முடிச்சுட்டாங்க சம்பந்தி. சண்டை இல்ல, சத்தம் இல்ல.

— என்ன சொல்றீங்க? பிரிஞ்சுடறதா?

— கொஞ்சம் தண்ணி குடிங்க.

— என்கிட்ட ஏன் சொல்லல? பெத்தவன் நான் குத்துக்கல்லாட்டம் வீட்டுல இருக்கேனே!

— உங்க முகத்தைப் பாத்தா வாய் வரலியாம். 'நீங்களே சொல்லிடுங்க மாமா'ன்னு நேத்து வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டான். எனக்கும்தான் வரல. நீங்க கடைக்குள்ள நுழைஞ்சதுலேர்ந்து முழுங்கிட்டு இருக்கேன்.

— இதைப் பேசவா ரெண்டும் அம்புட்டு தூரம் மலையேறிப் போச்சுங்க?

— அது ரெண்டாவது குளத்தைத் தாண்டறதுக்குள்ளயே முடிஞ்சுடுச்சாம். அருவிகிட்ட சாயந்தரம் வரைக்கும் உக்காந்து, அந்தச் சத்தத்துலயும் கத்திக் கத்தி அவங்க பேசினது, இனிமே நீங்களும் நானும் பிரியாம எப்படிப் பாத்துக்கறதுன்னு.