இலந்தையடியில் துப்பக் கூடாது

பகல் பன்னிரண்டேகால். இலந்தையடி ஸ்ரேசன் ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை. புதுத் தார் வெயிலில் இளகி மணக்கிறது... இரண்டு பக்கமும் புகையிலைத் தோட்டம், தோட்டத்துக்குள்ளும் ஆள் இல்லை. ரோட்டின் தொங்கலில் புத்தம் புதிதாய் ஒரு ரயில் ஸ்ரேசன். பூட்டிக் கிடக்கிற ஸ்ரேசன். அதற்குள்ளே ஒரே ஒரு பெண், ரிக்கற் அறையில் இருந்து சோறு தின்றுகொண்டிருக்கிறாள்.

என்ன சிரிப்பு? பேய் என்றால் இரவில்தான் வரவேண்டுமா? விளக்கை இந்தப் பக்கம் தள்ளி வைத்துவிட்டுக் கிட்ட வந்து இருங்கள். நம்முடைய பிரவீணனைத் தெரியும்தானே, அவனுடைய மச்சாள் உதயகலாவுக்கு நடந்தது இது. இப்போதுதான் சாப்பிட்டவர்கள் எழும்பிப் போவதென்றால் போகலாம். பிறகு வயிற்றைப் பிரட்டுகிறது என்று என்னிடம் வரக்கூடாது.

முதலில் சத்தம்தான் கேட்டது. தொண்டையின் அடியிலிருந்து இழுக்கிற சத்தம்... கர்ர்ர்... பிறகு ஒரு சின்ன அமைதி... பிறகு, த்தூ.

பிசைந்த சோறு கையிலேயே நின்றது. கேற் பூட்டுப் போட்டபடி. அந்தப் பூட்டின் திறப்பு அவளுடைய இடுப்பில். எழும்பிப் போய்ப் பார்த்தாள். பிளாற்போமின் வடக்குப் பக்கத்தில், வெள்ளை மாபிள் கல் பதித்த நிலத்தில், கையகலத்துக்கு வெற்றிலைத் துப்பல். சிவப்பு. நுரை இன்னும் உடைந்துகொண்டிருந்தது. புகையிலையும் சுண்ணாம்பும் ஒரு கிழட்டு வாயும் சேர்ந்த மணம். துணியைப் போட்டுத் துடைத்தாள். துணியையும் தாண்டி உள்ளங்கைக்கு இளஞ்சூடாய் இருந்தது.

மிச்சச் சோறு வாளிக்குள் போனது.

இந்த ரயில் பாதையின் சீத்துவம் உங்களுக்குத் தெரியாததல்ல. யாழ்ப்பாணப் பட்டணத்திலிருந்து வல்வெட்டித்துறைக்கு முக்கால் மணித்தியாலம் என்றார்கள். இரண்டு வருடத்தில் ஓடும் என்றார்கள். ஏழு வருடம் போனது. பிறகு, கட்டம் கட்டமாகத் திறப்போம் என்றார்கள். முதற்கட்டம் பாதி வழி, அதற்கு ஒரு விழா. இரண்டாம் கட்டம் இலந்தையடி வரை. அதற்கு நாள் குறித்து, வாழை கட்டி, பந்தல் போட்டார்கள். பிரதம விருந்தினருக்கு நேரமில்லை என்று பந்தலைப் பிரித்தார்கள். மறுபடி நாள் குறித்தார்கள், சிக்னல் வயர் வந்து சேரவில்லை என்று மறுபடி பிரித்தார்கள். வாழை வெட்டினவன் வெட்டினபடி, ரயில் மட்டும் இல்லை. பேப்பரில் இவர்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற படங்களைப் பார்க்கவே எனக்கு அருவருப்பு.

ஆனால் உதயகலாவுக்கு அந்த ஸ்ரேசன் திறந்தே ஆகவேண்டும். துப்புரவுக்கும் காவலுக்கும் சேர்த்துத் தற்காலிகமாக எடுத்த ஆள் அவள். புருசன் போன இடம் தெரியாது. கஜானி என்று ஏழு வயதில் ஒரு மகள். ஸ்ரேசன் திறக்கிற அன்றைக்குத்தான் நிரந்தர நியமனக் கடிதம் தருவார்களாம். திறக்காவிட்டால் கடிதமும் இல்லை, வேலையும் இல்லை.

அவளுக்கு மேலே ஜெனிஸ் சேர். கிழமைக்கு ஒருக்கால் காரில் வந்து இறங்கி, பொக்கற்றிலிருந்து வெள்ளை லேஞ்சியை எடுத்து மாபிளை அழுத்தித் தேய்த்துப் பார்ப்பார். "ஒரு கறை கிடந்தாலும் பெரியாக்கள் திருப்பிப் போட்டிடுவினம். அதோடை உம்மடை வேலையும் சரி" என்பார்.

மறுநாளும் பன்னிரண்டேகால். கர்ர்ர்... த்தூ. இம்முறை பிளாற்போமின் நடுவில். ஆரோ வேலி ஏறிக் குதிக்கிற பெடியள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அடுத்த நாள் பொல்லோடு தூணுக்குப் பின்னால் ஒளித்து நின்றாள். ஒருவரும் வரவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கவே, வெறும் காற்றிலிருந்து, சனம் இருக்கிற வாங்கில் விழுந்தது. பிறகு ரிக்கற் யன்னலின் விளிம்பில், கீழே சொட்டிக்கொண்டு. பிறகு அவள் இருக்கிற கதிரையில். பார்த்தீர்களா, அதுவும் கட்டம் கட்டமாகத்தான் வந்தது. ஆனால் ஒரு நாளும் பிந்தவில்லை.

தேசிக்காய்ப் புளி விட்டுத் தேய்த்தாள். புளீச்சிங் போட்டுத் தேய்த்தாள். விரல் நுனியில் தோல் உரிந்து எரிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை. சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைத் திறந்தாள். வீட்டில் அவளே போட்டு மூடிய சோறு... வெள்ளைச் சோற்றின் நடுவில் ஒரு குழி. குழிக்குள் சிவப்பு. அரைபட்ட பாக்குத் துண்டு ஒன்று அதில் மிதந்தது. பக்கத்துச் சோறெல்லாம் ஊறி இளஞ்சிவப்பாய்... வெளியே ஓடிப்போய், வெறும் வயிற்றோடு ஓங்காளித்தாள்.

ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அது யாருடைய துப்பல் என்று அவளுக்குத் தெரியும். முதல் நாளே தெரியும்.

இரண்டு தடவை நாள் குறித்துக் குழம்பியது சொன்னேன். மூன்றாவது தடவை நடந்ததை இனித்தான் சொல்லவேண்டும்.

ஆழ்வாப்பிள்ளை என்று ஒரு தோட்டக்காரர். எழுபத்தாறு வயது. ஸ்ரேசன் நிற்கிற நிலம் அவருடைய புகையிலைத் தோட்டம். ஊருக்குக் கோச்சி ஓடினால் பேத்தி வீட்டிலிருந்தே கம்பஸுக்குப் படிக்கப் போய்வருவாள் என்று, கேட்ட உடனே எழுதிக் கொடுத்த மனுசன். அவரைக் கௌரவிக்கிறோம் என்று முன்வரிசையில், பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தினார்கள். வெள்ளை வேட்டி, சால்வை. வாயில் வெற்றிலை, அது இல்லாமல் அவர் இல்லை. விழா ஒன்பதரைக்கு. பத்தரை ஆனது... பதினொன்றரை ஆனது... பிரதம விருந்தினரைக் காணவில்லை. பாதுகாப்பு என்று சொல்லிக் கயிறு கட்டி, இருந்த ஆட்களை எழும்பவே விடவில்லை.

உதயகலா மொப்போடு பக்கத்தில் நின்றாள். கிழவர் இரண்டு விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். பிறகு, ஒழுகாமல் நாடியை மேலே தூக்கிக்கொண்டு, வாய்க்குள்ளேயே கதைத்தார்.

"பிள்ளை... இதை எங்கை துப்புறது?"

"அப்பு, இது புது மாபிள். இஞ்சை துப்பக் கூடாது."

"அப்ப... வெளியிலை...?"

"எழும்ப விடமாட்டினம். உதை விழுங்குங்கோ அப்பு."

புகையிலைச் சாற்றை! எழுபத்தாறு வயது மனுசனை! கிழவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை அந்தப் பார்வையில். அருவருப்பு. பிறகு வாயை இறுக மூடிக்கொண்டார். மரியாதை தெரிந்தவர், மாபிளில் துப்பவில்லை.

பன்னிரண்டேகாலுக்கு ஒலிபெருக்கி கரகரத்தது. இன்றைக்குத் திறப்புவிழா இல்லையாம், திகதி பின்னர் அறிவிக்கப்படுமாம். சனம் திட்டிக்கொண்டு எழும்பியது. ஆழ்வாப்பிள்ளை எழும்பவில்லை. ஆரோ தோளைத் தொட்டார்கள், அப்படியே சரிந்து விழுந்தார். வாய் திறந்து... உள்ளே வைத்திருந்த அத்தனையும் மாபிளில் கொட்டியது. அவர் விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

இதைச் சொல்ல எனக்கே வெட்கமாய் இருக்கிறது. உதயகலா ஓடினாள். தண்ணீர் எடுக்க அல்ல... மொப்பை நனைக்க. "கெதியாத் துடையும், படம் எடுக்கினம்" என்று ஜெனிஸ் சேர் பல்லைக் கடித்தார். கிழவரின் கன்னத்துக்குக் கீழே மொப்பை விட்டு, அவருடைய தலை இப்படியும் அப்படியும் ஆட ஆட, அவள் துடைத்தாள். அதற்குப் பிறகுதான் ஒருவர் குனிந்து அவருக்கு மூச்சு இருக்கிறதா என்று பார்த்தார்.

கிழவர் செத்து, எட்டுச் செலவு முடிந்து நாலாம் நாள்தான் முதல் துப்பல்.

சாப்பாட்டுப் பெட்டிக்குப் பிறகு அவளால் தாங்க முடியவில்லை. யாழ்ப்பாணச் சந்தைக்குப் போய்ப் பழைய பித்தளைப் படிக்கம் ஒன்று வாங்கினாள், அந்தக் காலத்து வீடுகளில் துப்புவதற்கு வைப்பார்களே, அது. அதைக் கொண்டுவந்து, கிழவர் இருந்த இடத்தில் வைத்தாள்.

"அப்பு, இதுக்குள்ளை துப்புங்கோ. நான் கழுவி வைக்கிறன்."

வெறும் பிளாற்போமைப் பார்த்துத்தான் சொன்னாள். பன்னிரண்டேகால் ஆனது. கர்ர்ர்... ணங் என்று பித்தளையில் விழுந்தது.

பதினொரு நாள் அப்படியே போனது. கதிரையில் இல்லை, யன்னலில் இல்லை, ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் வேலிக்கரையில் ஊற்றி, சாம்பல் போட்டு விளக்கி, திரும்ப வைத்தாள். சோறு இறங்கியது. நித்திரை வந்தது. "இண்டைக்கு நல்ல வெயில், என்னப்பு?" என்று அந்த இடத்தைப் பார்த்துக் கதைக்கவும் தொடங்கிவிட்டாள். அதோடு விட்டிருக்கலாம். கிழவர் கேட்டது அவ்வளவுதானே, துப்புவதற்கு ஓர் இடம்.

நாலாவது தடவை நாள் குறித்தார்கள். விழாவுக்கு முதல் நாள் ஜெனிஸ் சேர் வந்தார்.

"உது என்ன சனியன்?"

"படிக்கம், சேர்."

"சீ! பெரியாக்கள் வாற இடத்திலை எச்சில் சட்டியோ? தூக்கி எறியும் உதை. இல்லாட்டி நாளைக்கு இதிலை வேறை ஆள் நிக்கும்."

அவருடைய கக்கத்தில் ஒரு ஃபைல். ஃபைலுக்குள் அவளுடைய கடிதம், உறையின் மூலை வெளியே நீட்டிக்கொண்டு தெரிந்தது. உதயகலா உறையைப் பார்த்தாள். படிக்கத்தைப் பார்த்தாள். பிறகு அதைத் தூக்கி, வேலிக்கு அப்பால், பற்றைக்குள் எறிந்தாள். கிழவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த நாள் எல்லாம் ஒழுங்காய் நடந்தது. பிரதம விருந்தினர் சொன்ன நேரத்துக்கே வந்தார். மேளம், நாதஸ்வரம். நீலப் பெட்டி இரண்டோடு ரயில் வந்து நின்றது, சனம் கைதட்டியது, ஒரு சிலர் அழுதுகூடவிட்டார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் உதயகலா, கையில் சந்தனமும் குங்குமமும் வைத்த தட்டம். மாபிள் பளபளத்தது. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். பன்னிரண்டு பதின்மூன்று... பதினாலு...

சத்தம் கேட்டது. மிகக் கிட்டக் கேட்டது.

அவளுடைய தொண்டைக்குள்ளே.

வாய் நிறைந்தது. இளஞ்சூடு. புகையிலைக் காரம், சுண்ணாம்பு, ஊறி நொதித்த பாக்கு, அவற்றுக்குப் பின்னால் ஒரு கிழட்டு வாயின் புளிப்பு. பிறந்ததிலிருந்து வெற்றிலை தொட்டறியாதவள் அவள். கன்னம் இரண்டும் உப்பின. கண்ணில் தண்ணீர் வந்தது. முன்னுக்குப் பிரதம விருந்தினர், பின்னுக்குக் கயிறு, காலுக்குக் கீழே மாபிள். ஜெனிஸ் சேர் கண்ணால் உறுக்கினார். வணக்கம் சொல்லு...

உதட்டின் ஓரத்தால் கசியத் தொடங்கியது. நாடியை மேலே தூக்கினாள். விழுங்கினாள். மூன்று மிடறு.

"வணக்கம்" என்றாள்.

கடிதம் கையில் கிடைத்தது. இப்போது அவள் நிரந்தரம், ரிக்கற் யன்னலுக்குப் பின்னால் சீருடையோடு இருக்கிறாள். பிளாற்போமில் அதன்பிறகு ஒரு துப்பலும் விழவில்லை, ஜெனிஸ் சேரின் லேஞ்சி வெள்ளையாகவே திரும்பிப் போகிறது. பன்னிரண்டேகாலுக்கு மட்டும் உதயகலா ஒரு நிமிடம் ஒருவரோடும் கதைக்கமாட்டாள். முதல் கிழமை கக்கூஸுக்கு ஓடிப்போய்த் துப்பிப் பார்த்தாள். துப்பினால் வருவது வெறும் எச்சில், வெள்ளையாய். வாய் மட்டும் நிறைந்தபடியே இருக்கும். விழுங்கினால்தான் அது போகும்.

இரவில் கஜானி மற்றப் பக்கம் திரும்பிப் படுக்கிறாள். "அம்மா, கிட்ட வராதேங்கோ... உங்கடை வாய் மணக்குது."

ஸ்ரேசன் திறந்து ஐந்து மாதம். போன மாதம் பிரவீணன்தான் அவளைப் பட்டணத்தில் ஒரு பல் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனான். அவன் பக்கத்தில் நின்று கேட்டதைத்தான் சொல்கிறேன். வைத்தியர் வாயைத் திறக்கச் சொல்லி, லைற்றைப் பிடித்துக் குனிந்தார். பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தார்.

"எத்தினை வருசமா வெத்திலை போடுறியள்?"

"நான் போடுறேல்லை, டொக்டர்."

"என்னட்டைப் பொய் சொல்லாதேங்கோ. உப்பிடிக் கறை ஏற அறுபது வருசம் செல்லும்."

உதயகலாவுக்குப் போன தையில்தான் முப்பத்தொன்று முடிந்தது.