உதட்டை மட்டும் அசைத்தவள்

மதகடிப்பட்டில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். பஸ் வில்லியனூரை நோக்கிக் கிளம்பியதும், இளையவள் சொன்னது காதில் விழுந்தது.

“எங்க பாட்டு டீச்சர் என்னை மட்டும் சத்தமில்லாம பாடச் சொன்னாங்கக்கா.”

“அது இன்னாடி பாட்டு?”

“எங்க ஊர்ல இசைப்பள்ளி இருந்துச்சில்ல, அங்க. நான் வாயத் தொறந்தா மிருதங்க சாருக்குக் கை நின்னுடும். ‘நான் இன்னாம்மா தப்பு பண்ணேன்’னு என்னையே கேப்பாரு. நல்ல மனுஷன், வெளிய போன்னு ஒருநாளும் சொன்னதில்ல.”

“டீச்சரு?”

“ஆண்டு விழாவுல என்னை முன்வரிசையில நடுவுல நிக்க வெச்சி, ‘உதட்ட மட்டும் அசைச்சா போதும் கண்ணு’ன்னாங்க. வந்த விருந்தாளி மைக்குல, நடுவுல நின்ன பொண்ணுதான் பிரமாதமா பாடுச்சுன்னுட்டாரு!”

அக்கா சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

“போன வாரம் டீச்சரப் பாக்க அவங்க வூட்டுக்குப் போனேன். இப்ப சுத்தமா காது கேக்கல அவங்களுக்கு. என் கையப் புடிச்சிக்கினு, ‘பாடுடி’ன்னாங்க. எனக்கு அழுவையா வந்துச்சு. அப்புறம், என் பாட்டுக்கு இவங்களவுட நல்ல ஆளு கெடைக்காதுன்னு தொண்டை கிழியப் பாடிட்டேன். என் வாயையே பாத்துக்கினு தாளம் போட்டாங்க.”

“காது கேக்காம தாளம் எப்டிடி சரியா வரும்?”

“அவங்க தாளம் சரியாத்தான்க்கா இருந்துச்சு. நாந்தான் நடுவுல தாளத்த வுட்டுட்டேன். அதையும் கண்டுபுடிச்சி, கையில நறுக்குனு கிள்ளிட்டாங்க.”