பங்காளி போட்ட வரப்பு

அலோ... அலோ, திருநவேலியா? அத்தான், நான்தான் சொரிமுத்து, ஒங்க மச்சினன்... ஆமா, கீழப்பாவூர்லேர்ந்துதான். சேக் தாவூது அண்ணாச்சி மில்லு போன். அக்கா சொகமா?... சரி, சரி. ட்ரங்க் கால், பாதியில அறுத்துப் போடுவான். விசயத்தச் சொல்லிருதேன்.

அந்த வரப்பு விசயந்தான்... ஆமா, எங்க சித்தப்பா மவன் சுடலைக்கண்ணு, மேலப் புஞ்சையில போட்டானே, அதேதான்... ஆமா ஆமா, சர்க்கார் ஆளுக மொதல்ல என்னத்தான் கேட்டாங்க. நான்தான் மாட்டேன்னேன். நீங்களே சொல்லுங்க. சரிவுக்குக் குறுக்க குறுக்க வரப்பு போட்டா, நெலத்துல ஒரு துண்டு வரப்புக்கே போயிரும். ஏர் திருப்ப எடம் இருக்காது. மண்ண அள்ளி மண்ணு மேல போட்டதுக்கு சர்க்காருக்கு வருசா வருசம் கடன் தவண கட்டணும். எதுக்கு?... ம்... ம்... லாபம் இருக்குதான், இல்லங்கல. அவனுக்குல்ல இருக்கு.

வயிறு எரியுது அத்தான். ஒங்ககிட்டச் சொல்லதுக்கு என்ன. ஒரே தாத்தா சொத்து, நடுவுல ஒரு வேலி. அவன் சோளம் ஆள் ஒசரம் நிக்கு, என்னுது முழங்காலத் தாண்டல. ஜீப்பு வருது, அவனுக்கு மாலை போடுதாங்க, போட்டா புடிக்காங்க... போட்டா, அத்தான், படம்... எம் பொண்டாட்டி குருவம்மா அவன் கிணத்துலதான் தண்ணி எடுக்கா. அவன் பொண்டாட்டி, ‘இன்னொரு கொடம் எடுத்துக்கோங்க மைனி’ங்கா. அந்த மைனியத்தான் என்னால தாங்க முடியல.

சரி, பொறாமைன்னே வச்சுக்கோங்க. ஞாயமும் இருக்குல்லா? மழ பெஞ்சா மேலப் புஞ்சை வண்டல் பூரா அடிச்சுக்கிட்டு எம் புஞ்சைக்குத்தான வரும்? எங்க அப்பா காலத்துலேர்ந்து வருது. நாங்க எரு அடிச்சதே கெடையாது. இப்ப வரப்பக் கட்டி அவனே வச்சுக்கிட்டான். அதான் அத வெட்டி விடச் சொல்லி ஒங்க கலெக்டர் ஆபீசுல மனு குடுத்தேன். என்னாச்சு அது?...

ஆங்?... கெளம்பிட்டாங்களா? இன்னைக்கேவா?... மம்பட்டி ஆளோடயா?... ஆமா... ஆமா... அத்தான், நீங்க நல்லாருக்கணும். சாரலுக்கு வாங்க, குத்தாலத்துல ரூம் போட்டு எண்ண தேச்சு விடச் சொல்லுதேன். அவங்க வெட்டும்போது நான் வேலி ஓரத்துல ஒண்ணும் தெரியாதவன் மாதிரி நிக்கணும்...

ஒரு நிமிசம் அத்தான். ஏட்டி குருவம்மா, மில்லுக்குள்ள எதுக்கு ஓடியாற?... என்னது?... நம்ம கிணத்துலயா? மூணு வருசமா காஞ்சு கெடந்த கிணத்துலயா?... மழ விட்டு எவ்வளவு நாளாச்சு, இப்ப எப்படிட்டி ஊறும்?... எந்தப் பக்கம்?... மேலப் பக்கத்து ஊத்தா?... நல்லாப் பாத்தியா?...

இருக்கேன் அத்தான்... ஒண்ணுமில்ல. அவன் வரப்புல தேங்குன தண்ணி மண்ணுக்குள்ளயே எறங்கி எங் கிணத்துல ஊறுதாம். ரெண்டு படி முங்கிட்டாம்... அவன் தண்ணி, அத்தான். அதையும் அவன் குடுத்துத்தான் நான் குடிக்கணுமா... சிரிக்காதீங்க. கேளுங்க. அந்த ஆளுகள நிறுத்துங்க... ஆமா, நான்தான் கேட்டேன். இப்ப வேண்டாங்கேன். வெட்டுனா எங் கிணறுல்ல காயும்... எந்த பஸ்ஸுல வாராங்க?... அத்தான்?... அலோ... அலோ...

எக்சேஞ்சா? திருநவேலி லைன் அந்து போச்சும்மா. திரும்பக் குடுங்க... சாயங்காலமா? அதுக்குள்ள வெட்டிப் போடுவாங்களே தாயி... அலோ... வச்சுட்டா.

ஏட்டி, நிக்காத, ஓடு. சுடலைக்கண்ணுகிட்டச் சொல்லி வரப்பு மேல போயி படுத்துக்கிடச் சொல்லு. ஆரு வந்தாலும் மம்பட்டி வைக்க விடக் கூடாதுன்னு சொல்லு... ஆரு சொன்னான்னு கேட்டான்னா?

எம் பேரச் சொல்லிராத.